லைட்சேபர் வாங்க முன் உள்ளே என்ன பற்றரி என்று கேளுங்கள்

அண்ணனின் மகன் ஒரு வருடமாகச் சேர்த்த காசு 14,500 ரூபாய். அந்தக் காசில் வாங்கிய லைட்சேபர் (ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் ஒளிவாளின் விளையாட்டு நகல்) போன மாதம் ஓர் இரவு, அவன் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்து கொதித்தது. பிளாஸ்டிக் கருகும் மணத்துக்கு அண்ணி எழும்பி வயரை இழுத்துவிட்டதால் தப்பினோம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்னும் பல பிள்ளைகள் இதே விளம்பரத்தைப் பார்த்து ஓடர் போடுவதாக அறிகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் போட்டிருந்தது இதுதான்: அலுமினியப் பிடி, பிக்சல் பிளேட், அசைவுக்கு ஏற்ற ஒலி, 9900 மில்லியம்பியர் மணி (mAh, பற்றரி கொள்ளும் மின்னின் அளவு) பற்றரி, ஆறு மணி நேர ஓட்டம். கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது. பரந்தன் சந்தியில் காசைக் கொடுத்து வாங்கினோம். திறந்து பார்த்துவிட்டுக் காசு தருகிறோம் என்றால் கூரியர் தம்பி விடமாட்டார், அது அவருடைய பிழையும் இல்லை.

முதல் நாளே பொடியன் கேட்டான்: "சித்தப்பா, வெளிச்சம் ஏன் அடியில இருந்து ஏறேல்லை?" சரியான கேள்வி. பிக்சல் பிளேட் என்றால் குழாயின் நீளத்துக்கு எல்ஈடி பட்டி ஓடும், மீட்டருக்கு 144 வரை. ஒவ்வொன்றும் தனியாக எரிவதால்தான் வெளிச்சம் பிடியிலிருந்து நுனிக்கு ஓடுவது போலத் தெரியும். இதுவோ ஒரேயடியாக எரிந்தது. நுனிக்குப் போகப் போக மங்கியது. குழாயைக் கழற்றினோம். பிடியின் வாயில் மின்தொடுப்பு ஊசிகள் எதுவும் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் ஒரேயொரு எல்ஈடி. டோர்ச் லைட்டில் ஒரு வெள்ளைக் குழாயைச் செருகியது போலத்தான்.

ஒலியும் அப்படியே. மெதுவாக அசைத்தாலும் வேகமாக வீசினாலும் ஒரே சத்தம், அதுவும் ஒரு கணம் பிந்தி. காதோடு வைத்துத் தட்டினால் உள்ளே மெல்லிய ஸ்பிரிங் அதிர்வது கேட்டது. திசையையும் வேகத்தையும் அளக்கும் உணரி இருந்தால் அந்த ஸ்பிரிங்குக்கு அங்கே வேலையே இல்லை.

1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் கதாநாயகன் லூக்கின் கையில் இருந்த பிடி, கிராஃப்லெக்ஸ் என்ற பழைய கமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. உள்ளே மூன்று பெரிய டோர்ச் பற்றரிகள் போடுகிற குழாய் அது. நாம் திரையில் பார்க்கும் ஒளியைப் பிறகு படச்சுருளில்தான் சேர்த்தார்கள். பொடியனுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அசலுக்குள்ளேயே ஒளிரும் பொறி இல்லாததால், ஒளிரும் நகலின் உள்ளமைப்பை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் எண்ணத்துக்குச் செய்கிறார். விற்பவர் எதையும் சொல்லலாம். ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் எதுவும் இல்லை.

நாங்கள் இருவரும் பின்னேரங்களில் திண்ணையில் இருந்து, உள்ளே எது எங்கே இருக்கும் என்று கொப்பியில் படம் கீறிக்கொண்டிருந்தோம். பற்றரியை மட்டும் சந்தேகிக்கவில்லை. அதுதான் நான் விட்ட பெரிய பிழை. ஏனென்றால் கணக்கு கண் முன்னால் இருந்தது. ஆறு மணி நேரம் என்ற சாமான் 40 நிமிடத்தில் அணைந்தது. 3 வாற்று எல்ஈடி 3.7 வோல்ற்றில் கிட்டத்தட்ட 0.8 அம்பியர் இழுக்கும். 40 நிமிடத்துக்குக் கணக்குப் பார்த்தால் பற்றரி கொள்வது 500 mAh அளவுக்குக் கொஞ்சம் மேல். 9900 எங்கே, 500 எங்கே?

அந்த இரவுக்குப் பிறகு கரடிப்போக்குச் சந்திப் பக்கம் போன் திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் பிடியைக் கழற்றி, பற்றரியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவுடனேயே சொன்னார்: "அண்ணை, இந்தச் சைஸில 9900 உலகத்திலயே இல்லை." அது 18650 வகை: 18 மில்லிமீற்றர் அகலம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்த அளவில் நல்ல கம்பனிப் பற்றரியே 3500ஐ ஒட்டித்தான் நிற்கும். பழைய லப்டொப்பிலிருந்து எடுத்த ஒன்றை அவர் தந்தார். வீட்டில் கேக் தராசில் வைத்தேன். அது 46 கிராம், எங்களுடையது 24 கிராம். எடை குறைந்தால் உள்ளே மின் சேர்க்கும் சரக்கும் குறைவு.

பிறகு சார்ஜ் பலகையைப் பூதக்கண்ணாடிக்குள் காட்டினார். எட்டுக் கால் சிப் ஒன்று, பக்கத்தில் 122 என்று எழுதிய கடுகளவு மின்தடை. அந்தத் தடை இருந்தால் பலகை 1 அம்பியரில் சார்ஜ் ஏற்றும். 500 மட்டுமே கொள்ளும் பற்றரிக்கு அது தாங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. கொதித்தது அதனால்தான். அளவு மீறினால் துண்டித்துவிடும் பாதுகாப்புச் சிப்புகள் பலகையிலும் இல்லை, பற்றரியிலும் இல்லை. அவர் அதைச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்கியது. பிள்ளையின் தலைமாட்டில் அல்லவா கிடந்தது.

விற்றவருக்குப் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்தார், பதில் போடவில்லை. அடுத்த நாள் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். தொலைபேசியில் கேட்பதென்றால் 1977. கூரியர் பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் படத்தையும் எறிந்துவிடாதீர்கள். விளம்பரத்தை அவர்கள் அடுத்த வாரமே அழித்துவிடுகிறார்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், காசு கட்ட முன் இரண்டு வீடியோ கேளுங்கள். குழாயைக் கழற்றி பிடியின் வாயைக் காட்டும் ஒன்று, பற்றரியை வெளியே எடுத்துத் தராசில் வைக்கும் ஒன்று. உண்மையான சாமான் வைத்திருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

ஏற்கெனவே வாங்கியவர்கள், வெள்ளிப் பிடியில் சிவப்புப் பொத்தான், அடியில் சார்ஜ் துளை, பற்றரியில் 9900 என்று இருந்தால் இன்று இரவு சார்ஜில் போடாதீர்கள். எங்களுடைய பற்றரியை மண் நிரப்பிய பால்மா டின்னுக்குள் வைத்து, வீட்டுக்குத் தூரமாக வேலியோரம் வைத்திருக்கிறோம். பிடியைப் பொடியன் பத்திரமாக வைத்திருக்கிறான். பாதுகாப்புச் சிப்புள்ள பலகை கிடைத்ததும் தானே பூட்டப் போகிறானாம்.