அணைக்கரை தாண்டினால் லண்டன்: ஆறு வருடப் புத்தக அனுபவம்

மூத்தவளுக்கு நான்கு வயதானபோது லண்டன் புத்தகத்தை வாங்கினேன். தம்பி அப்போது கைக்குழந்தை. இப்போது அவளுக்குப் பத்து, அவனுக்கு ஆறு. இடையில் பாரிஸும் நியூயார்க்கும் வந்து சேர்ந்தன. மூன்றும் செக் ஓவியர் மிரோஸ்லாவ் ஷாஷெக்கின் ‘திஸ் இஸ்’ வரிசை நூல்கள், ஊர்களைப் பிள்ளைகளுக்குப் படங்களாகச் சுற்றிக் காட்டுபவை. முதலில் வந்த லண்டன் கும்பகோணத்து வீட்டில் ஆறு மழைக்காலம் கண்டது.

ஷாஷெக் பாரிஸுக்கு விடுமுறையில் போயிருந்தாராம். பெரியவர்கள் ஊரைச் சுற்றிப் பார்ப்பதிலேயே மூழ்கியிருக்க, கூட வந்த பிள்ளைகளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் பிறந்தது. பாரிஸும் லண்டனும் 1959-இல் வெளிவந்தன; கடைசியில் வரிசை 18 நூல்களாக நீண்டது.

லண்டன் புத்தகத்தைத் திறந்ததும் ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம், வேறொன்றும் இல்லை. அச்சுக்கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பவே பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, அது லண்டன் மூடுபனி! ஆங்கிலம் தெரியாத அப்பாயி என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். “மார்கழியில் விடியற்காலை பஸ்ஸில் அணைக்கரைப் பாலம் ஏறினால் இப்படித்தான் இருக்கும்” என்று பேத்திக்குச் சொன்னார். பின்னாளில் தம்பிக்கும் அதையே சொன்னார். அணைக்கரையைத் தாண்டினால் லண்டன் வந்துவிடும் என்று அவன் ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தான். மூத்தவளுக்கு விவரம் தெரிந்த பிறகு மீதியைச் சொன்னேன்: அது வெறும் பனியில்லை, நிலக்கரிப் புகையும் கலந்தது; 1952 டிசம்பரில் நகரமே மூச்சுத் திணறியது; 1956-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. இப்போது அந்தப் பக்கம் வந்தால் அவள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

தகவல்கள் பழையவை என்பது பெரிய குறையாக எனக்குப் படவில்லை. மறுபதிப்புகளில் கடைசிப் பக்கத்தில் திருத்தங்கள் இருக்கின்றன. நியூயார்க் நூல் 1960-இல் வந்தது. இரட்டைக் கோபுரங்கள் அதில் இல்லை, அப்போது அவை கட்டப்படவே இல்லை. இன்றும் அவை இல்லை. அந்த வானத்தைப் பார்த்தால் எனக்குத்தான் ஏதோ செய்கிறது; பிள்ளைகளுக்கு அது வெறும் வானம்.

பாரிஸ் நூலை அவர்கள் படித்த விதம் வேறு. ஈபிள் கோபுரம் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். இன்றைய கணக்கில் 330 மீட்டர் என்றேன். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதுபோல் ஐந்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம் என்றதும் இருவரும் வாயைப் பிளந்தார்கள். “நந்தியை எங்கே வைப்பது?” என்று கேட்டான் சின்னவன்.

இனி குறைகள். விலை அதிகம், புதிதாக வாங்கிய இரண்டும் தலைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டின. பாரிஸைப் பழைய புத்தகமாக இணையத்தில் வாங்கியதில் நடுவில் ஒரு தாளே காணோம். விற்றவரிடமிருந்து பதிலும் இல்லை. எழுத்து ஆங்கிலத்தில் இருப்பதால் வாசிக்கும்போதே தமிழில் சொல்லவேண்டும். ஒருநாள் சொன்னபடி மறுநாள் சொல்லவில்லை என்றால் “நேற்று அப்படிச் சொல்லவில்லையே” என்று பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் வருடம் பென்சிலால் ஓரத்தில் தமிழை எழுதிவைத்தேன். வாங்குபவர்கள் முதல் வாரமே எழுதிவிடுங்கள்.

ஐப்பசி மழையில் தாள்கள் நமுத்து நெளிகின்றன, ஓரத்தில் ராமபாணப் பூச்சியும் கை வைத்தது. அலமாரியில் வசம்புத் துண்டு போட்ட பிறகு பூச்சித் தொல்லை குறைந்தது. லண்டனின் முதுகு கிழிந்து ஒருமுறை பைண்டிங் கடைக்குப் போய் வந்தது. இவற்றோடு வாங்கிய, ஜன்னல்கள் திறக்கும் நகரப் புத்தகம் ஒன்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: மூன்றே மாதத்தில் எல்லா ஜன்னல்களும் கையோடு வந்துவிட்டன.

நம் ஊர்களைப் பற்றிச் சிறுவர்களுக்கென்று என் கைக்கு வந்தவற்றில் கோயில், மன்னர், ஆண்டு, உயரம் ஆகியவைதான் இருக்கின்றன. குப்பை வண்டியையும் டீக்கடை பாய்லரையும் யாரும் வரைவதில்லை. ஷாஷெக் தெருவில் நிற்கும் போலீஸ்காரரையும் பூனையையும் விடமாட்டார்.

போன கோடை விடுமுறையில் மூத்தவள் தாள்களை மடித்துத் தைத்து ‘இது கும்பகோணம்’ என்று ஒன்று செய்தாள். பாத்திரக்கடை, மினி பஸ், வெற்றிலைக் கூடை எல்லாம் இருக்கின்றன. மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் வரவேண்டும். பதினொன்றோடு இடம் தீர்ந்துவிட, மிச்ச ஐந்தைப் பின்பக்கத்தில் போட்டு அம்புக்குறி இட்டிருக்கிறாள். முதல் பக்கம் பனியாகத்தான் இருக்கவேண்டும் என்று தம்பி அடம்பிடித்து, ஒரு தாள் முழுக்கப் பென்சிலால் தேய்த்தான். அந்தக் கரி அடுத்த பக்கத்து மினி பஸ்ஸிலும் ஒட்டியிருக்கிறது.