சிபாப் பயன்படுத்துவோருக்குக் குரல் கம்முவது ஏன்: வாய்வழிக் கசிவா, எதுக்களிப்பா, வேறு நோயா?

ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடைக்கு, மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தள்ளி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி வைத்துக்கொள்பவர்களில் பலருக்கு உறக்கம் சீராகிவிடுகிறது. குரல் மட்டும் தேறாமல் கம்மியே இருக்கிறது. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல: இரவில் வாய் வழியே கசியும் காற்று, போதாத ஈரப்பதம், அமில எதுக்களிப்பு, ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர், கருவியின் தூய்மைக் குறை, கருவியோடு தொடர்பே இல்லாத குரல்வளை நோய். எனக்கும் குரல் நெடுநாள் கம்மியிருந்தது. இந்தக் காரணங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, வாய்வழிக் கசிவைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன். நான் மருத்துவன் அல்லன். கருவியைப் பயன்படுத்துபவன் என்ற நிலையிலிருந்தும், அந்த முடிவின் பக்கம் சாய்ந்துமே இதை எழுதுகிறேன்.

ஒப்பிடத் தொடங்குமுன் ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நான்கு வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையை நேரில் பார்த்தாக வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். புகைப்பழக்கம், கழுத்தில் கட்டி, விழுங்குவதில் சிரமம், இருமலில் இரத்தம், மூச்சு இழுக்கும்போது கீச்சொலி, அண்மையில் நடந்த கழுத்து அறுவைச் சிகிச்சை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நான்கு வாரங்கள்கூடக் காத்திருக்கக் கூடாது. சிபாப் கருவியின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் இதில் உண்மையான ஆபத்து. கீழே நான் எழுதுவதெல்லாம், குரல்வளையைப் பார்த்து, பெரிய கோளாறு எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு எழும் கேள்விக்கே பொருந்தும்.

வாய்வழிக் கசிவை நான் முன்னால் நிறுத்துவதற்குக் காரணம், அது மூக்கின் வேலையையே கெடுத்துவிடுகிறது என்பதுதான். நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் ஆழத்தை அடையும்போது 37 டிகிரி செல்சியஸ் சூட்டையும், லிட்டருக்கு ஏறத்தாழ 44 மில்லிகிராம் நீராவியையும் பெற்றிருக்கிறது. இந்த ஈரத்தின் பெரும்பங்கைத் தருவது மூக்கு. மூக்கு வழியே மூச்சை விடும்போது, தந்ததில் ஒரு பகுதியை அது திரும்பப் பெற்றுக்கொள்கிறது. மூக்கு மாஸ்க் அணிந்தவர் உறக்கத்தில் வாயைத் திறந்துவிட்டால் இந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்துபோகிறது. கருவி அழுத்தித் தள்ளும் காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கிறது. மூக்குக்குத் திரும்பி வருவது ஏதுமில்லை. அழுத்தம் குறைவதை உணர்ந்த கருவி இன்னும் அதிகமான காற்றைத் தள்ளுகிறது. உலர்ந்த மூக்குச் சவ்வு வீங்கி அடைத்துக்கொள்கிறது. மூக்கு அடைத்தால் வாய் இன்னும் அகலத் திறக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். கசியும் காற்று நாக்கின் பின்புறம் திரும்பி வாய் வழியே போய்விடுகிறதே, அது குரல் நாண்களைத் தொடுவதே இல்லையே என்று கேட்கலாம். அந்தக் காற்றோட்டம் நாண்களுக்கு மேலேயே திரும்பிவிடுவது உண்மைதான். ஆனால் ஈரத்தை இழந்துவிட்ட மூக்கின் வழியாகவோ, திறந்த வாயின் வழியாகவோ நுரையீரலுக்குப் போகும் காற்று குரல் நாண்களைத் தாண்டியே போயாக வேண்டும். உலர்ந்து வரும் அந்தக் காற்றுதான் நாண்களின் மேலுள்ள மெல்லிய ஈரப் படலத்தைக் குறைக்கிறது. பேசும்போது ஆண்களின் குரல் நாண்கள் நொடிக்கு நூற்றுக்கு மேலும், பெண்களுடையவை ஏறத்தாழ இருநூறு முறையும் அதிர்கின்றன. ஈரம் குறைந்த நாண்களை அதிரவைக்க நுரையீரல் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வறட்சிதான் காரணமென்றால் நண்பகலுக்குள் குரல் தேறிவிட வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வறட்சி மட்டும் இருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் காலையில் குரல் எழாதபோது நாம் அழுத்திப் பேசுகிறோம், ஓயாமல் தொண்டையைச் செருமுகிறோம். ஒவ்வொரு செருமலிலும் நாண்கள் வன்மையாக மோதிக்கொள்கின்றன. இரவு விட்டுச்சென்ற வறட்சியின் மேல் பகல் ஒரு காயத்தைச் சேர்க்கிறது. அது ஆறுவதற்குள் அடுத்த இரவு வந்துவிடுகிறது. காலைக் கம்மல் நாள் முழுவதும் நீளும் கம்மலாக மாறுவதற்கு இந்தச் சுழற்சியே போதும் என்று நான் நினைக்கிறேன்.

எல்லாவற்றிலும் என் முடிவுக்கு அடிப்படையானது கருவியிலேயே பதிவாகும் கசிவுக் கணக்கு. மற்ற காரணங்களை ஊகிக்கத்தான் முடியும். கசிவு ஒன்றைத்தான் ஒவ்வொரு இரவுக்கும் வீட்டிலேயே பார்த்துவிட முடியும். கருவிகள் இதைக் காட்டும் முறை ஒன்றல்ல. ரெஸ்மெட் நிறுவனத்தின் கருவிகள், மாஸ்க்கின் துளைகள் வழியே இயல்பாக வெளியேற வேண்டிய காற்றைக் கழித்துவிட்டு, வீணாகக் கசிவதை மட்டும் காட்டும். அதில் நிமிடத்திற்கு 24 லிட்டர் என்பது ஏற்கத்தக்க வரம்பு. இயல்பான வெளியேற்றத்தையும் சேர்த்து மொத்தக் கசிவைக் காட்டும் கருவிகளும் உண்டு என்பதால், ஒருவர் கருவியின் எண்ணை இன்னொருவருடையதோடு ஒப்பிடக் கூடாது. இரவின் சராசரியைவிட வரைபடத்தின் வடிவமே அதிகம் சொல்லும். மெமரி கார்டு உள்ள கருவியானால், ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் இரவு முழுவதையும் விரித்துப் பார்க்கலாம். மாஸ்க் விளிம்பில் ஏற்படும் கசிவு, புரண்டு படுக்கும்போதெல்லாம் ஏறி இறங்கி ஒழுங்கற்றுத் தெரியும். வாய் திறந்துகொள்வதால் வரும் கசிவு திடீரென ஏறி, நெடுநேரம் மேசைபோல் தட்டையாக நின்று, திடீரென இறங்குவதே வழக்கம். இந்த வேறுபாடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் பல இரவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு போக்கு தென்படும்.

வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே அன்றைய குரலை மதிப்பிட்டுக் குறித்துவிட வேண்டும் என்பதை வலியுறுத்துவேன். எழுந்ததும் தண்ணீர் குடிக்குமுன் ஒரே பத்தியைச் சத்தமாகப் படித்து, கைபேசியில் பதிந்து வைத்தால் போதும். வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டால், நாம் எதிர்பார்ப்பதே காதில் விழும். எனக்கு, நீண்ட தட்டையான கசிவு தெரிந்த இரவுகளின் மறுநாள்தான் குரல் மிக மோசமாக இருந்தது. கசிவு குறைந்த இரவுகளுக்குப் பின் பெரும்பாலும் தெளிந்திருந்தது. வாய்வழிக் கசிவை நான் தேர்ந்தெடுத்தது இதனால்தான். இந்தப் பொருத்தம் இல்லாதவர்கள், குறிப்பாகக் கசிவே இல்லாத இரவுக்குப் பின்னும் குரல் கம்முபவர்கள், என் முடிவைப் பின்பற்ற வேண்டியதில்லை.

ஈரப்பதக் குறைவைத் தனிப் போட்டியாளராக நான் கருதவில்லை. அது கசிவின் கூட்டாளி. சூடேற்றும் ஈரப்பதமூட்டியும் சூடான குழாயும் உதவவே செய்கின்றன. ஆனால் கசிவு பெரிதாக இருக்கும்போது ஈரப்பதத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால் குழாயில் நீர் கோத்து முகத்தில் தெறிக்கும். வறட்சி முழுவதுமாகத் தீராது.

வலுவான போட்டியாளர் அமில எதுக்களிப்பே. நெஞ்செரிச்சல் சிறிதும் இல்லாமலே அது குரல்வளையைத் தாக்கலாம் என்பதாலும், அதுவும் காலைக் கம்மலாகவே தோன்றும் என்பதாலும் இரண்டையும் பிரித்தறிவது கடினம். பொதுவாகச் சிபாப் சிகிச்சை எதுக்களிப்பைக் குறைக்கிறது. மூச்சு அடைபடும்போது மார்புக்குள் உண்டாகும் உறிஞ்சல் இல்லாமற்போவது அதற்கு ஒரு காரணம். ஆனால் காற்றை விழுங்கிவிடுபவர்களுக்கு வயிறு உப்பி ஏப்பம் வரும். ஏப்பத்தோடு அமிலமும் மேலே வரக்கூடும். காலையில் வயிற்று உப்புசமும் வாயில் புளிப்பும் உள்ளவர்கள் எதுக்களிப்பையே முதலில் கவனிக்கலாம்: இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி, தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், இடப்பக்கமாகப் படுத்தல். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழியில் எனக்கு நம்பிக்கை குறைவு. நாட்பட்ட தொண்டைத் தொந்தரவு உள்ள 346 பேரை வைத்து நடந்து, 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான டாப்பிட்ஸ் ஆய்வில், அத்தகைய மாத்திரையான லான்சோபிரசோல் 30 மில்லிகிராமை நாளுக்கு இருமுறை 16 வாரம் எடுத்தவர்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகம் தேறவில்லை. அவர்கள் சிபாப் பயனர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவற்றில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் குரலைக் கம்மச் செய்யும், தொண்டையில் பூஞ்சைத் தொற்றையும் உண்டாக்கும். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்து இழுப்பதும், இழுத்தபின் வாய் கொப்பளிப்பதும் உதவும். ஒவ்வாமைக்கு எடுக்கும் சில மாத்திரைகள் சவ்வுகளை உலர்த்தும். தைராய்டு சுரப்புக் குறைவைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். அது உறக்க மூச்சுத்தடைக்கும் குரல் தடிப்புக்கும் ஒருங்கே காரணமாகலாம், எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கருவியைப் பொறுத்தவரை, ஒலியடக்கும் நுரை சிதைவதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல கருவிகளைத் திரும்பப் பெற்றது. அந்தக் காலத்துக் கருவி வைத்திருப்பவர்கள் வரிசை எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஓசோன் கொண்டு தூய்மை செய்யும் பெட்டிகளைத் தவிர்த்து, மென்மையான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுவதே நல்லது.

கசிவை நிறுத்தும் வழியிலும் தேர்வு உண்டு. வாயை நாடாவால் ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. மூக்கு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ அது ஆபத்து. தாடைப் பட்டை சிலருக்குப் பயன்படுகிறது, ஆனால் தாடை மூடியிருந்தும் உதடுகளுக்கிடையே காற்று போய்விடலாம். நான் முதலில் உப்புநீரும் மருத்துவர் எழுதித் தந்த மூக்கு ஸ்பிரேயும் கொண்டு மூக்கடைப்பைக் குறைத்தேன். பிறகு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க்குக்கு மாறினேன். அதிலும் வாய் திறக்கத்தான் செய்யும்; ஆனால் இருபுறமும் ஒரே அழுத்தம் இருப்பதால் மூக்கிலிருந்து வாய்க்கு ஓடும் அந்த ஒருவழிக் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. வாயால் மூச்சு விடுவது தொடர்வதால் ஈரப்பதத்தை முன்பைவிடக் கூட்டி வைத்தேன். முழு மாஸ்க் சிலருக்கு நாக்கைப் பின்தள்ளி, கூடுதல் அழுத்தம் தேவைப்படச் செய்வதுண்டு. ஆகவே மாற்றிய பின் குரலை மட்டும் பார்க்காமல், மணிக்கு எத்தனை மூச்சுத்தடை என்று காட்டும் ஏஎச்ஐ எண்ணையும் கவனித்து, அது 5ஐத் தாண்டி நின்றால் உறக்க மருத்துவரிடம் காட்ட வேண்டும். எனக்குக் காலைக் கம்மல் பெரும்பாலும் விலகிவிட்டது. நீண்ட நேரம் பேசிய மாலைகளில் இன்னும் சற்று மிஞ்சுகிறது. செருமும் பழக்கமே அதற்குக் காரணம் என்று கருதி, குரல் பயிற்சியாளரிடம் போகத் தொடங்கியிருக்கிறேன்.