பிளாக் பெல்ட்: கராத்தேயா, டேக்வாண்டோவா?

ஒலிம்பிக்கில் இருக்கும் டேக்வாண்டோவில் பிளாக் பெல்ட் கணக்கு தெளிவு. சியோலில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் தரும் சான்றிதழ் எந்த ஊரிலும் செல்லும். 15 வயதுக்கு முன் தேறினால் சிவப்பும் கருப்புமான 'பூம்' பெல்ட்; வயது வந்ததும் 'டான்' (பிளாக் பெல்ட்டின் படிநிலை) ஆக மாற்றிக்கொள்ளலாம். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்குக் குறைந்தது 1 வருடம், அப்புறம் மூன்றாவதுக்கு 2 வருடம்.

கராத்தேயில் அப்படி ஒரே வாசல் கிடையாது. ஷோட்டோகான், கோஜு ரியூ என்று பாணிக்கொரு சங்கம். ஏன், ஒரே பாணிக்குள்ளேயே பல. மதுரை அண்ணா நகரில் வாங்கிய பெல்ட்டைத் திருநகர் மாஸ்டர் ஏற்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

அடிக்கடி ஊர் மாறும் குடும்பம் என்றால் என் ஓட்டு டேக்வாண்டோவுக்கு. பக்கத்திலேயே நல்ல மாஸ்டர் இருந்தால், சரி, கராத்தேயிலேயே சேருங்கள். சான்றிதழ் எந்தச் சங்கத்துடையது, தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.