தொல்மண் வேலைக்கு மன்செல் நிறப் புத்தகம்: வாங்கலாம், ஆனால் இதை வெப்பமானியாக நினைக்கக் கூடாது

இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளின் சிவப்புக் களிப்பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் புதைந்த பழைய வெள்ளச் சமவெளி மண்கள், அதாவது தொல்மண்கள். அவற்றின் நிறத்தை அடுக்கு அடுக்காகப் பதிவு செய்ய, குறியீட்டோடு நிறச் சில்லுகள் ஒட்டிய மன்செல் மண் நிறப் புத்தகத்துக்கு இணையாக வேறொன்றில்லை. விலை 200 டாலருக்கு மேல் என்றாலும் கொடுக்கலாம். கைபேசிப் படம் இதற்கு ஈடாகாது. கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திவிடும். '2.5ஒய்ஆர் 4/6' என்று குறித்து வைத்தால், அதே அடுக்கைப் பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் வந்து ஒப்பிடலாம். 2.5ஒய்ஆர் என்பது சாயல் (ஆர் சிவப்பு, ஒய்ஆர் மஞ்சள் கலந்த சிவப்பு), 4 வெளிர்வு, 6 செறிவு.

வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பை 30–50 செ.மீ. வெட்டித் தள்ளிவிட்டு, புதிதாக உடைத்த கட்டியை எடுங்கள். உலர்ந்த நிறத்தையும் நனைந்த நிறத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். தண்ணீர் தெளித்தபின் பளபளப்பு அடங்கும்வரை பொறுங்கள். கட்டியைப் பக்கத்தின் துளைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். சில்லுகளில் ஈரக்களி ஒட்டினால் கறை போகாது. கறுப்புக் கண்ணாடி கூடாது. சாயும் வெயிலில் எல்லாமே கூடுதல் சிவப்பாகத் தெரியும்.

தொல்மண்ணில் இந்தப் புத்தகம் ஏமாற்றும் இடங்கள் இரண்டு. புதைந்தபின் கோதைட் என்ற பழுப்பு இரும்புக் கனிமம் நீரிழந்து ஹேமடைட் என்ற சிவப்புக் கனிமமாக மாறுவதால், பழுப்பாக இருந்த மண்ணும் சிவந்துவிடும். சிவப்பு மிகுந்த 10ஆர் பக்கத்தில் பொருந்துகிறது என்பதற்காக வெப்ப மண்டலம் என்று எழுதிவிட முடியாது. அதேபோல், மண்ணின் மேற்பகுதியிலும் வேர்த்தடங்களைச் சுற்றியும் தெரியும் பச்சைச் சாம்பல் நிறம் சதுப்பு நிலத்துக்குச் சான்று ஆகாது. மிஞ்சிய தாவரப்பொருள் புதைந்தபின் இரும்பை வேதியியல் முறையில் ஒடுக்கி, சிவப்பைப் போக்கியதாலும் அது வரும். சாம்பல் நிறம் அடிவரை சீராகப் பரவியிருந்தால்தான் நீர் தேங்கிய மண் என்று யோசிக்கலாம்.

ஆகவே கூடவே அளவுநாடாவும், சுண்ணாம்பில் பட்டால் நுரைக்கும் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வேண்டும். பழைய மழையளவைச் சொல்வது, மண்ணின் மேற்பரப்பிலிருந்து சுக்கான்கல் (சுண்ணாம்பு) உருண்டைகள் தொடங்கும் ஆழம். தொல்மண் ஆய்வாளர் ரெட்டாலக் 2005இல் தந்த சமன்பாட்டில் ஆழம் (செ.மீ.) 'ஆ' என்றால், ஆண்டு மழை (மி.மீ.) = 137.24 + 6.45ஆ − 0.013ஆ². ஆழம் 60 செ.மீ. என்றால் சுமார் 477 மி.மீ.; பிழை ±147. மண்ணின் மேற்பகுதி புதையுமுன் அரித்துப் போயிருந்தாலோ, மேலுள்ள சுமையில் மண் நசுங்கியிருந்தாலோ ஆழம் குறைந்து, மழையும் குறைவாகக் கணக்காகும். நசுங்கலைத் திருத்திய பிறகே சமன்பாட்டில் போடுங்கள். நிலத்தடி நீர் படியவைத்த தொடர்ச்சியான சுண்ணாம்புத் தட்டுகளை அளக்கவே வேண்டாம்.

அந்த உருண்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். 70–80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சிவாலிக்கில் சி4 வகை (வெப்பநிலப் புற்களின் ஒளிச்சேர்க்கை முறை) புல்வெளி பரவியதைக் காட்டியது அவற்றிலுள்ள கார்பன் ஐசோடோப்புகள்தான். மலையின் பழைய உயரத்துக்கு ஆக்சிஜன் ஐசோடோப்பு உதவும்; உயரம் 1 கி.மீ. கூடினால் மழையின் ஆக்சிஜன்-18 (கனமான ஆக்சிஜன்) மதிப்பு சராசரியாக ஆயிரத்துக்கு 2.8 குறையும். ஆனால் அதற்கு நேபாளத்தின் தக்கோலா போல மலைக்குள்ளேயே இருக்கும் படுகையின் மாதிரி வேண்டும். வறண்ட மண்ணில் ஆவியாதல் இந்த மதிப்பை ஏற்றிவிடுவதால் மலை தாழ்வாகத் தெரியும்.

பழைய பிரதி வாங்குவதானால் 10ஆர் முதல் 5ஒய்ஆர் வரையுள்ள பக்கங்களைப் புதுப் பிரதியோடு வைத்துப் பாருங்கள். சிவப்பு மண் வேலையில் அதிகம் புரண்டு அழுக்காவது அவைதான். அங்கே நிறம் மங்கியிருந்தால் வாங்க வேண்டாம்.