ஒரே தொழிலா, பல தொழிலா? கொழும்புக் கம்பனிகளை வைத்து ஓர் அலசல்

கொழும்பில் பங்கு வாங்கி விற்பவர்களோடு பேச்சுக் கொடுத்தால் எப்படியும் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்: நீண்ட காலத்துக்குக் காசு போடுவதென்றால் பல துறைகளில் கால் வைத்த குழுமத்தில் போடுவதா, ஒரே வேலையை விடாமல் செய்கிற கம்பனியில் போடுவதா? இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நான் இரண்டாவது கட்சி, ஆனால் குழுமங்களைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஜோன் கீல்ஸ் குழுமத்தை எடுங்கள். 1870களில் தரகுத் தொழிலாகத் தொடங்கியது, இன்றைக்குத் துறைமுக முனையம், சுப்பர்மார்க்கெட், எலிஃபன்ட் ஹவுஸ் ஐஸ்கிறீம், காப்புறுதி, ஹோட்டல் என்று எங்கும் இருக்கிறது. கொம்பனித்தெருவில் 100 கோடி டொலருக்கு மேல் கொட்டி எழுப்பிய அந்தப் பெரிய ஹோட்டல் திட்டம் 2019 ஈஸ்டர் தாக்குதல், கொரோனா, 2022 நெருக்கடி எல்லாவற்றையும் கடந்து 2024 ஒக்டோபரில்தான் விருந்தினருக்குக் கதவு திறந்தது. ஹோட்டலை மட்டும் நம்பியிருந்த கம்பனி என்றால் இடையிலேயே மூழ்கியிருக்கும். மற்றத் தொழில்கள் சோறு போட்டதால்தான் காத்திருக்க முடிந்தது, அது பெரிய பலம். ஆனால் அத்தனை வருடமும் அந்தப் பணத்தில் பெரும்பகுதி உழைக்காமல் கிடந்ததையும், 2024இல் உரிமைப் பங்கு வெளியிட்டுப் பங்குதாரரிடம் மேலும் பணம் கேட்டதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

தேயிலைக் கம்பனியான டில்மா வேறு வழியில் போனது. கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே வாங்கிய தேயிலை நெடுங்காலம் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி, வேறு நாட்டில் வேறு தேயிலையோடு கலந்து, வேறு பெயரில் பொதியாகிக் கடைக்குப் போனது. இலாபத்தின் கொழுத்த பங்கும் அங்கேயே தங்கியது. மெரில் ஜே. பெர்னாண்டோ இங்கேயே பொதி செய்து, டில்ஹான், மலிக் என்ற தன் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்து ஒரு பெயர் வைத்து, 1980களில் அவுஸ்திரேலியக் கடைகளுக்குக் கொண்டுபோனார். 2023இல் காலமாகும் வரை அவருடைய பேச்சும் மூச்சும் தேயிலைதான். ஹோட்டல் தொழிலுக்கு அவர்களும் வந்தார்கள், ஆனால் முதலில் கை வைத்தது எதில் என்று பாருங்கள்: மலையகத்துத் தோட்டங்களில் இருந்த பழைய துரைமார் பங்களாக்களில். தெரிந்த தொழிலில் நின்றுகொண்டு ஒரு காலை மட்டும் முன்னே வைத்தார்கள். நான் ஆழம் என்று சொல்வது இதைத்தான்.

ஆடைத் தொழிலிலும் இதே கதை. நாட்டுக்கு இவ்வளவு என்று ஏற்றுமதிக்கு ஒதுக்கீடு இருந்த காலத்தில் யார் தைத்தாலும் விற்றது. 2005 ஜனவரி 1இல் அந்த ஒதுக்கீட்டு முறை முடிந்ததும் அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தடுமாறினார்கள். 1987இல் மூன்று சகோதரர்கள் தொடங்கிய மாஸ் போன்ற கம்பனிகள் உள்ளாடை, விளையாட்டு உடை என்று கடினமான தையலிலும் வடிவமைப்பிலும் கைதேர்ந்திருந்ததால் வாங்குபவர்கள் அவர்களை விட்டுப் போகவில்லை.

சரி, ஒரே தொழிலில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து நன்றாக நடக்கும் கம்பனி, ஆனால் 2022இல் நாடெங்கும் கட்டட வேலை நின்றபோது நல்ல நிர்வாகத்தாலும் சீமெந்து வாங்கப் புதிதாக ஆள் பிடிக்க முடியாது. அந்த மாதிரி வருடத்தில் குழுமத்தின் பங்குதாரர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவார்.

இரண்டுக்கும் நடுவில் ஹேலீஸ் இருக்கிறது. 1878இல் காலியில் தொடங்கியது, பட்டியலில் குழுமம்தான். ஆனால் அதன் ஹேகார்ப் 1973 முதல் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தண்ணீரும் காற்றும் வடிகட்டும் கரி செய்து உலகமெங்கும் விற்கிறது. நாம் அடுப்பில் போடுகிற சிரட்டை! ஐம்பது வருடத்துக்கு மேல் அதிலேயே உழன்ற அறிவைக் காசு கொடுத்து ஒரே நாளில் யாரும் வாங்கிவிட முடியாது. அதே குழுமம் 2017இல் வீட்டுச் சாதனங்கள் விற்கும் சிங்கர் கம்பனியை வாங்கியது, அது முற்றிலும் வேறு வகை வளர்ச்சி. எனக்கு முதலாவது வகையில்தான் நம்பிக்கை.

எதை வாங்குவதானாலும் அட்டையிலுள்ள படங்களைத் தாண்டி, ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும் பத்தாண்டுச் சுருக்கத்துக்குப் போங்கள். விற்பனை ஏறியதைப் பார்த்து மயங்க வேண்டாம், கடன் வாங்கி எதையாவது வாங்கினாலே அது ஏறிவிடும். போட்ட மூலதனத்துக்கு எத்தனை வீதம் உழைத்தது, கடனுக்கு எவ்வளவு வட்டி கட்டியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை 7.5 இலிருந்து 14.5 வீதமாக ஒரேயடியாக ஏற்றியது, வங்கிகள் கம்பனிகளிடம் கேட்டது அதையும் தாண்டியது. அதனால் 2022/23 நிரலில் விரலை வைத்து, வட்டி கட்டிய பிறகு என்ன மிஞ்சியது என்று பாருங்கள், அப்புறம் தரகருக்கு ஃபோன் போடலாம்.