பங்காளிகள் கூடி யோசிக்க ஓர் இணையப் பலகை: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

தேவகோட்டை நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: “எங்கள் பங்காளிகளும் வீட்டைப் பற்றிப் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் அந்தப் பலகையின் சந்தா குறைந்திருக்கிறதாமே, வாங்கலாமா?” அவரவர் இடத்திலிருந்தே பலரும் ஒரே திரையில் சீட்டு ஒட்டி யோசிக்க உதவும் இணையப் பலகையைத்தான் அவர் சொன்னார். தொலைபேசியில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன். ஒட்டுச்சீட்டு போடுவது, வாக்களிப்பது, நேரம் வைப்பது எல்லாம் எந்த நிறுவனத்தின் பலகையிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றை விளக்கப்போவதில்லை.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பல புள்ளிகள் (எங்கள் வழக்கில் மணமான ஒரு தம்பதியின் குடும்பம் ஒரு புள்ளி) உரிமையாளர்கள். அவர்களில் சிலர் சென்னையிலும், சிலர் கோயம்புத்தூரிலும், மற்றவர்கள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒருசேர ஊருக்கு வருவது முன்னோரை வழிபடும் படைப்புக்கு மட்டும்தான். இரண்டாங்கட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. வீட்டை விடுதியாக்குவதா, படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுவதா, பூட்டியே வைத்துப் பழுது மட்டும் பார்ப்பதா என்பதில்தான் பேச்சு முடிவதில்லை. தேக்குத் தூண்களைக் கழற்றி விற்றுவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படிக் கழற்றப்பட்டவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிற்பதைப் பார்த்தவர்கள் நாங்கள் என்பதால், அந்த எண்ணத்தை வாய்விட்டுச் சொல்ல யாரும் துணிவதில்லை. வீட்டின் முற்றத்தைச் சூழ்ந்த வளவில் உட்கார்ந்து பேசினால் மூத்தவர்கள் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் ‘சரி அண்ணன்’ என்பார்கள், பிறகு எல்லோரும் சாப்பிட எழுந்துவிடுவார்கள்.

இந்தப் பலகையை நாங்கள் எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் இருக்கும் மறைவு எழுத்து முறை. குறித்த நேரம் முடியும்வரை ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. திறந்த பிறகும் எழுதியவர் பெயர் வராது. கூட்டாக யோசிக்கும் முறையை 1950-களில் பரப்பிய அமெரிக்க விளம்பரத் துறையாளர் அலெக்ஸ் ஆஸ்பர்ன், எந்தக் கருத்தையும் உடனே குறைசொல்லக் கூடாது, முதலில் எண்ணிக்கை பெருகட்டும் என்று விதி வகுத்தார். ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, தனித்தனியே யோசித்த நால்வரின் கருத்துகளைத் தொகுத்தால், ஒன்றாக உட்கார்ந்து யோசித்த நால்வரின் கருத்துகளைவிட அவை அதிகமாக இருந்தன. 1987-இல் டீல், ஸ்ட்ரோபே என்னும் இரு ஆய்வாளர்கள் அதற்கு முதன்மையான காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் அவருக்குத் தோன்றியது மறந்துபோகிறது அல்லது சொல்லத் தகாததாகத் தோன்றிவிடுகிறது. எங்கள் வளவில் இதை ஆண்டுதோறும் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்த ஆய்வு முடிவில் வியப்பேதும் இல்லை.

மறைவு எழுத்து முறையில் நாங்கள் நடத்திய முதல் கூட்டத்திலேயே அதன் பயன் தெரிந்துவிட்டது. விடுதி, வாடகை, ஓடு மாற்றுவது, ஆத்தங்குடிக் கல் பெயர்ந்த இடங்களைச் சரிசெய்வது என்று எதிர்பார்த்த சீட்டுகளுக்கு நடுவே ஒரு சீட்டு இருந்தது: ‘அப்பத்தா இரவில் மூன்றாம் கட்டைத் தாண்டிக் கொல்லைக்குப் போக வேண்டியிருக்கிறது. வேறு எதற்கும் முன்னால் உள்ளே ஒரு கழிப்பறை கட்ட வேண்டும்.’ சாமியும் படைப்பும் இருக்கும் வளவுக்கு அருகில் கழிப்பறை என்பதை மூத்தவர்கள் முன்னிலையில் எந்த மருமகளும் எந்தப் பேரனும் சொல்லியிருக்க முடியாது. எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வாக்கெடுப்பில் அதுவே முதலிடம் பெற்றது. இரண்டாங்கட்டின் ஓரத்தில், வளவுக்குச் சுவர் படாமல் அது கட்டியும் முடிக்கப்பட்டுவிட்டது. பல படைப்புகளில் வெளிவராத ஒன்றைப் பத்து நிமிடத்தில் வெளியே கொண்டுவந்த இந்த வசதிக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். ஒட்டுச்சீட்டு ஒரு சதுரம். எழுதுவது நிறைய ஆக ஆக, பலகை எழுத்தின் அளவைத் தானாகவே சுருக்கிச் சதுரத்துக்குள் அடக்குகிறது. ஆங்கிலத்தில் இரண்டு சிறு சொற்கள் எழுதினால் அவை சதுரம் நிறையப் பெரிதாகத் தெரிகின்றன. ‘பழுதுபார்க்காமல் விட்டுவிடக்கூடாது’ என்று தமிழில் எழுதினால், நம் சொற்கள் விகுதிகளும் துணைவினைகளும் சேர்ந்து நீள்பவை ஆதலால், அந்த நீளச் சொல்லை உடைக்காமல் அடக்குவதற்காக எழுத்து முழுவதும் எறும்பளவுக்குப் போய்விடுகிறது. பலகையை முழுமையாகப் பார்க்கும்போது சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் ஆங்கிலச் சீட்டுகள்தாம் கண்ணில் படுகின்றன, வாக்குகளும் அவற்றின் பக்கமே சாய்கின்றன. ஊரில் இருப்பவர்கள் தமிழில் எழுதிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் அப்படிச் செய்யும்போது பலகையின் எந்த மூலையில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகிறது. மறைவு முறை எல்லோரையும் சமமாக்கியது என்று பாராட்டிய அதே பலகை, எழுத்தின் அளவால் அந்தச் சமத்தைக் கெடுக்கிறது.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம், அச்சில் நடப்பதைப் பொறுக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் திரையைப் பார்க்காத மூத்தவர்கள் பலர் இருப்பதால், ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் பலகையைப் பி.டி.எஃப். கோப்பாக எடுத்து அச்சிட்டு அனுப்புவது வழக்கம். கணினி ‘தே’ என்ற எழுத்தைச் சேமிக்கும்போது தகரத்தை முன்னும் ஏகாரக் குறியைப் பின்னும் வைக்கிறது. காட்டும்போது அந்தக் கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்துருவையும் அதை இயக்கும் மென்பொருளையும் சார்ந்த வேலை. திரையில் உலாவி அதைச் சரியாகச் செய்துவிடுகிறது. இந்தப் பலகை கோப்பை உருவாக்கும் இடத்தில் அந்த வேலை நடப்பதில்லை. அதனால் ‘தேக்கு’ என்பதில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் விழுகிறது, ‘கொல்லை’ என்பதில் கொம்பும் காலும் தனித்தனியே சிதறுகின்றன. கழிப்பறைச் சீட்டு அச்சில் வந்தபோது, யாருக்காக அது எழுதப்பட்டதோ அந்த அப்பத்தா பூதக்கண்ணாடி வைத்தும் படிக்க முடியவில்லை. ‘இது என்ன பாஷை அப்பா?’ என்று அவர் கேட்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

கோப்பாக எடுப்பது சிறு வசதிதானே என்று சிலர் சொல்லக்கூடும். கூகுளின் ஜாம்போர்டு என்ற இணையப் பலகை 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே அக்டோபர் முதல் அதில் பார்க்க மட்டுமே முடிந்தது. பெரிய நிறுவனமே ஒரு பலகையை மூடிவிடக்கூடிய காலத்தில், நாம் எழுதியவற்றில் நமக்கு மிஞ்சுவது நாம் எடுத்து வைத்திருக்கும் கோப்பு மட்டும்தான். அந்தக் கோப்பில் தமிழ் உடைந்திருந்தால், எங்கள் பங்காளிகள் பேசி முடித்ததற்குச் சான்றே இல்லை.

மாற்று வழிகள் உண்டு. பலகையைப் படமாக எடுத்தால் எழுத்து சரியாக வருகிறது, ஆனால் ஏ3 தாளில் அச்சிட்டால் மங்குகிறது. சீட்டுகளை அட்டவணைக் கோப்பாக எடுத்து, எக்செலில் நேரே திறக்காமல், யு.டி.எஃப்.-8 (எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறியீட்டு முறை) என்று குறிப்பிட்டு உள்ளிட்டால் தமிழ் முழுதாகக் கிடைக்கிறது. எந்தச் சீட்டு எந்தத் தொகுப்பில் இருந்தது என்பது மட்டும் போய்விடுகிறது. நிறுவனத்துக்கு எழுதியபோது, பிற மொழி எழுத்துகளுக்கான ஆதரவு பரிசீலனையில் இருக்கிறது என்ற பதில் வந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் எழுதியபோதும் அதே பதில், அதே சொற்களில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சீட்டுகளுக்குப் புதுப்புது வண்ணங்களும் நேரம் ஓடும்போது ஒலிக்கும் இசையும் வந்தன.

எனவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மேலே நான் பாராட்டியது எதையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் கட்டணம் வாங்கும் ஒரு பலகை, அவர்களில் பாதிப்பேரின் எழுத்தைச் சுருக்கியும் உடைத்தும் தருமானால், விலை எவ்வளவு குறைந்தாலும் அது எனக்கு அதிகம். எங்கள் சந்தாவை இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம். அடுத்த படைப்புக்கு முன், மின்னஞ்சலும் பெயரும் கேட்காத ஓர் இணையப் படிவத்தை எல்லாப் புள்ளிகளுக்கும் அனுப்பி, வரும் கருத்துகளைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு வளவில் வைக்கப்போகிறோம். வாக்குக்குத் தாளும் பேனாவும் போதும். நீங்களும் அந்தப் படிவத்தில் தொடங்குங்கள், மாதிரி வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன்.