டிஸ்ட்ரிக்ட் கேட்டதும் செக் எழுதிவிடாதீர்கள்

கலிஃபோர்னியாவில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். ஊர் பெயரும் பள்ளி பெயரும் வேண்டாம். என் பணம் இன்னும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிடம், அதாவது இங்கே அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பிடம்தான் இருக்கிறது.

மகளின் பள்ளியில் திடீரென்று ஒருநாள் இரண்டு குடிநீர்க் குழாய்களைக் கறுப்புக் குப்பைப் பையால் மூடி டேப் சுற்றியிருந்தார்கள். ஏன் என்று அலுவலகத்தில் கேட்டால் 'பராமரிப்பு' என்று ஒரே வார்த்தை. பழைய கட்டடம் அது. 2010க்கு முன் கட்டிய அரசுப் பள்ளிகளின் குடிநீரில் ஈயம் இருக்கிறதா என்று 2019 ஜூலைக்குள் சோதித்திருக்க வேண்டும் என்று இங்கே சட்டமே உண்டு. சரி, அந்த அறிக்கையையும் குழாய் பற்றிய மின்னஞ்சல்களையும் கேட்போம் என்று மாநிலப் பொதுப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு எழுதினேன். கையோடு, மகள் வயிற்றுவலி என்று நர்ஸ் அறைக்குப் போன நாட்களின் பதிவையும் அதே கடிதத்தில் கேட்டுவைத்தேன். சறுக்கியது அங்கேதான்.

பத்தாம் நாள் பதில் வந்தது: இன்னும் 14 நாள் வேண்டுமாம். அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, போகட்டும். அடுத்த கடிதத்தில்தான் விஷயம். மாணவர் ரகசியம் காக்கும் ஃபெர்ப்பா சட்டப்படி பக்கங்களில் மறைக்க வேண்டியதைக் கறுப்படிக்க வேண்டும், ஊழியருக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும், 240 டாலர் கட்டுங்கள். லெட்டர்ஹெட்டையும் சட்டப் பிரிவு எண்களையும் பார்த்து மிரண்டு, அன்றைக்கே செக் அனுப்பிவிட்டேன்.

வந்து சேர்ந்தது 38 பக்கம். முதல் பக்கத்தில் மேலே தேதி, கீழே 'நன்றி', நடுவில் தார் பூசிய மாதிரி ஒரே கறுப்பு. ஓரத்தில் காரணம்: 'வரைவு'. சோதனை அறிக்கை இல்லவே இல்லை. குழாய்த் தண்ணீருக்கு என்னங்க மாணவர் ரகசியம்?

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மின்னணுப் பதிவுகளைக் கறுப்படிக்க ஆகும் நேரத்துக்குக் கேட்டவரிடம் காசு வாங்கக்கூடாது என்று 2020இல் ஹேவர்ட் நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நகலெடுக்கும் செலவை மட்டும் வாங்கலாம். நேரில் போய்ப் பார்த்தால் அதுவும் கிடையாது. வரைவு என்று மறைப்பதும் அவ்வளவு சுலபமில்லை. வழக்கமாக வைத்துக்கொள்ளாமல் கழித்துவிடும் முன்வரைவுகளுக்குத்தான் அந்த விலக்கு பொருந்தும். அதிலும், வெளியிடுவதைவிட மறைப்பதில்தான் பொதுநலன் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அனுப்பி முடித்து, பதிலும் வந்துவிட்ட மின்னஞ்சல் எப்படி வரைவாகும்? மறுப்பவர் பெயரையும் பதவியையும் கடிதத்தில் தந்தாக வேண்டும். எனக்கு வந்ததில் 'பதிவுப் பிரிவு' என்று மட்டும் இருந்தது.

மகளின் பதிவைப் பொதுப் பதிவோடு கலந்ததுதான் அவர்களுக்கு ஃபெர்ப்பாவை எடுத்துக் கொடுத்தது. சொந்தப் பிள்ளையின் பதிவு பெற்றோருக்கு ரகசியமே இல்லை. கல்விச் சட்டப்படி ஐந்து வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். தனியாக எழுதிக் கேட்டேன், நான்காம் நாள் கையில் இருந்தது.

ஊரில் ஆர்.டி.ஐ. போட்டுப் பழகியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முதல் மேல்முறையீடு, தகவல் ஆணையம் எல்லாம் இங்கே கிடையாது. மறுத்தால் நேரே சுப்பீரியர் கோர்ட்தான். ஆனால் நாம் ஜெயித்தால் வக்கீல் செலவு டிஸ்ட்ரிக்டின் தலையில் விழும். என் இரண்டாவது கடிதத்தில் ஹேவர்ட் வழக்கோடு இதையும் ஒரு வரி சேர்த்தேன். மூன்றே நாளில் பதில், அதுவும் இந்த முறை ஒருவர் பெயரோடு: சோதனை அறிக்கை 'கிடைத்துவிட்டதாம்', செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பார்க்கலாமாம். 240 டாலரைப் பற்றிப் பேச்சே இல்லை.

குழாயில் அந்தப் பை இன்னும் அப்படியே இருக்கிறது. மகள் வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறாள்.